கழலாத இடது சக்கரம்

சுரேஷ்குமார் வீல் ஸ்பேனரை ஓங்கிய நேரத்தில்தான் நாங்கள் ஷெட்டுக்குள் நுழைந்தோம். எங்களைப் பார்த்துக்கொண்டே இறக்கினான். அம்மாசியின் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

அம்மாசி பாலக்கரையில் பழைய கார்களுக்கு வைத்தியம் பார்க்கிற மெக்கானிக். அவருடைய ஷெட்டிலேயே, இன்ஜின் தூக்குகிற சங்கிலியில் அவருடைய இரண்டு கைகளையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. வாயிலிருந்து வழிந்த ரத்தம் காக்கிச் சட்டைப் பைக்குள் இறங்கியது. சுற்றி நின்ற ஐந்தாறு பேரில் ஒரு தடியன் இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் போனைப் பிடுங்கி அவன் வாயிலேயே திணிக்க எனக்குக் கை துடித்தது. ஆனால் அவன் என்னைப் போல ஒன்றரை ஆள் இருந்தான்.

"இன்னும் ரெண்டு அடி விழுந்தா இவரு செத்துடுவாரு," என்றார் மணிமேகலை அக்கா. "அப்புறம் உங்க அண்ணனை யாரு கொன்னாங்கன்னு உங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. பரவாயில்லையா?"

சுரேஷ்குமாரின் கை நின்றது. "யாரும்மா நீங்க?"

"மணிமேகலை. துப்பறியிறது தொழில். இவரு சம்சாரம் வெள்ளையம்மாள் என் வீட்டு வாசல்ல விழுந்து கிடக்குது, அதான் வந்தேன்."

அக்கா பாதி ஆயுளை வாகன இன்சூரன்ஸ் சர்வேயராகக் கழித்தவர். நொறுங்கிய காரைச் சுற்றி ஒரு நடை நடந்தால், ஓட்டினவன் தூங்கினானா, குடித்தானா, பெண்டாட்டியோடு சண்டை போட்டானா என்று சொல்லிவிடுவார். நான் அன்புச்செல்வன். அவருக்கு டிரைவர், உதவியாளர், அடி வாங்குகிறவன். மூன்றாவது வேலைக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

விஷயம் இதுதான். சுரேஷ்குமாரின் அண்ணன் பூவரசன் ஒரு பழைய பிளைமவுத் காரைக் கல்யாண ஊர்வலங்களுக்கு விட்டுக்கொண்டிருந்தார். நேற்று மாலை ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜானவாசம். திறந்த காரில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, நாதஸ்வரக்காரர்கள் முன்னே நடக்க, வீதி சுற்றி வந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது காவிரிப் பாலத்தில் முன் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. கார் கைப்பிடிச் சுவரில் மோதியது. பூவரசன் விடிகாலையில் ஜி.எச்.சில் இறந்துபோனார். அந்தக் காருக்கு நாலு சக்கரத்தையும் கடைசியாகக் கழற்றி மாட்டியவர் அம்மாசி.

"டீக்கடையில வெச்சு எங்க அண்ணன்கிட்ட இவன் என்ன சொன்னான் தெரியுமா?" என்றான் சுரேஷ்குமார். "'பாலத்துல ஏறினா பாடியாத்தான் இறங்குவ'ன்னு சொன்னான். ஊரே கேட்டுச்சு."

தொங்கிக்கொண்டிருந்த அம்மாசி வாயைத் திறந்தார். "அது பழைய ரிம்மைச் சொன்னேங்க. யாரோ ஜீப் ரிம்மை மாட்டியிருந்தாங்க. நடு ஓட்டை பெருசு, அச்சு முனை ஹப்ல உக்காரலை. வளைச்சா டயரு மட்கார்டுல உரசுச்சு. அதனாலதான் அந்த வண்டிக்குன்னு உள்ள ரிம்மையே தேடிப் பிடிச்சு மாட்டினேன்."

பதிலுக்கு வயிற்றில் ஒரு குத்து விழுந்தது. மூலையிலிருந்து ஒரு பெண் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள். சுரேஷ்குமாரின் மனைவி அனுசுயா. கீழுதடு வீங்கிக் கன்றிப்போயிருந்தது. "விட்டுடுங்க, அவரு பண்ணியிருக்க மாட்டாரு," என்றாள். சுரேஷ்குமார் திரும்பிக்கூடப் பார்க்காமல் புறங்கையால் அறைந்தான். சொம்பு ஒரு பக்கம் உருள, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். யாரும் தூக்கிவிடவில்லை. அந்த வீட்டில் அது தினசரிப் பழக்கம் என்பது தெரிந்தது.

"அண்ணன் உடம்பு ஜி.எச்.லேர்ந்து வர்ற வரைக்கும் டைம்," என்றான் அவன். "பாடி இந்தச் சந்துல நுழையறப்ப நான் இவன் கணக்கை முடிச்சிருக்கணும். நடுவுல போலீஸ் ஜீப்பு நுழைஞ்சாலும் அடி மண்டையிலதான்."

"அதுவரைக்கும் இவரைத் தொடாதீங்க," என்றார் அக்கா.

"தொட மாட்டேன். சும்மா தொங்கட்டும்."

அக்காவின் மாருதியை நான் ஸ்ரீரங்கத்துக்கு விரட்டினேன். கண்ணாடியில் பார்த்தால், பின்னாலேயே ஒரு புல்லட். அந்த செல்போன் தடியன்.

"நமக்குப் பாதுகாப்பு குடுத்திருக்காங்கக்கா," என்றேன்.

"ரோட்டைப் பாரு."

மோதிய கார்களைப் போலீஸ் கொண்டுவந்து விடுகிற காலி மனையில் பிளைமவுத் நின்றது. வலது முன் சக்கரம் இல்லாமல், அந்தப் பக்க மூக்கு நசுங்கி, ஒரு முட்டியை மடக்கியபடி இருந்தது. ஸ்டீயரிங் உள்ளே தள்ளிக்கொண்டு சீட்டின் முதுகைத் தொட்டிருந்தது. சீட்டில் ரத்தம் காய்ந்து கறுத்து, ஈ மொய்த்தது. நடுவில் ஒரு மனிதன் இருந்த இடமே இல்லை.

காவலுக்கு இருந்தவர் அக்காவின் பழைய சிநேகிதர். சலாம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

"முதல்ல ஊரு சொல்றதைப் பாப்போம்," என்றார் அக்கா. "அம்மாசி மாட்டின ரிம் சேராமதான் கழண்டுச்சுங்கறாங்க."

கழன்று ஓடிய சக்கரம் பின் சீட்டில் கிடந்தது. இருவருமாகத் தூக்கி ஹப்பில் வைத்தோம். பானைக்கு மூடி மாதிரி உட்கார்ந்தது.

"சேருது," என்றேன்.

"சரியா சேருது. அம்மாசி வேலையில தப்பில்லை. இப்ப நட்டு ஏத்துற ஸ்டட்டைப் பாரு. அஞ்சுல மூணுல மரை புதுசு மாதிரி இருக்கு. ரெண்டுல மட்டும் வழிச்சு நாசமாயிருக்கு. என்ன அர்த்தம்?"

"மூணு நட்டு மரியாதையா இறங்கிப் போச்சு. ரெண்டு ரகளை பண்ணிட்டுப் போச்சு."

"மூணு நட்டு பாலத்துல இல்லவே இல்லைடா. முன்னாடியே யாரோ எடுத்துட்டாங்க. மீதி ரெண்டை விரலால சும்மா சொருகி, மேல வீல் கப்பை மாட்டி மறைச்சிருக்காங்க. ஊர்வலத்துக்கு முன்னாடி பண்ணியிருந்தாலும் தெரிஞ்சிருக்காது, மாப்பிள்ளை ஊர்வலம் ஆள் நடக்குற வேகத்துல போகுது. அந்த வேகத்துல எல்லா சக்கரமும் நல்ல சக்கரம்தான். பாலத்துல வேகம் எடுத்ததும் கழண்டுடுச்சு."

"அப்ப கொலை."

"கொலைதான். இடது பக்கக் கப்பைக் கழட்டு."

நான் குனிந்து ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். கப் கையோடு வந்தது. உள்ளேயிருந்து நசுங்கிய செவ்வந்தி இதழ்களும் இரண்டு இரும்புத் துண்டுகளும் என் முழங்கால் மேல் உதிர்ந்தன. அடுத்த நொடி என் பின்மண்டையைப் பிடித்து யாரோ மட்கார்டில் மோதினார்கள்.

"எவிடன்ஸைக் கலைக்கிறியா?" என்றது தடியனின் குரல்.

மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. திரும்பினேன், தாடையில் ஒன்று. விழுந்தேன், விலாவில் ஒன்று. தடியன் காலால் எழுதுகிற எழுத்து தெளிவாக இருந்தது. மூன்றாவது உதைக்கு அவன் காலைத் தூக்கியபோது அக்கா ஜாக்கிக் கம்பியால் அவனுடைய நின்ற காலின் முட்டியில் ஒன்று போட்டார். அவன் என் மேலேயே விழுந்தான். அடி வாங்கினதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

கம்பியின் முனை அவன் தொண்டையில் இருந்தது. "எழுந்திரு," என்றார் அக்கா. "உடம்பை வளர்த்து வெச்சிருக்கியே, ஒரு வேலை பாரு. இந்த இடது சக்கரத்துல ரெண்டு ஸ்டட் உடைஞ்சிருக்கு. மூணு நட்டு மிச்சம் இருக்கு. ஒண்ணைக் கழட்டிக் காட்டு."

தடியன் நொண்டிக்கொண்டே ஸ்பேனரை மாட்டினான். எந்த நட்டையும் கழற்றுகிற வழக்கமான பக்கம் அழுத்தினான். அசையவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்பேனர் மேல் காலை வைத்து மிதித்தான். அப்போதும் அசையவில்லை.

"இப்ப எதிர்ப்பக்கம் சுத்து. இறுக்குற பக்கம்."

மிதித்தான். நட் கிறீச்சென்று கழன்றது. தடியன் பேய் பார்த்த மாதிரி பார்த்தான்.

"இந்த வண்டிக்கு இடது பக்கம் மரை தலைகீழ்," என்றார் அக்கா. "ஓட்டத்துல தானாக் கழலக் கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படி செஞ்சாங்க. வலது பக்கம் எப்பவும் போல. உன்னை மாதிரியே ஒரு ஆளு முதல்ல இடது பக்கம் வந்து கழட்டப் பார்த்திருக்கு. கழட்டறதா நினைச்சு இறுக்கி இறுக்கியே ரெண்டு ஸ்டட்டை முறிச்சிருக்கு. முறிஞ்ச இடம் பாரு, துரு ஏறலை, பளபளன்னு இருக்கு. அப்புறம்தான் வலது பக்கம் போயிருக்கு."

"அம்மாசி..." என்றான் தடியன்.

"அம்மாசிக்கு இது தூக்கத்துலயும் தெரியும். நீ ஒண்ணு சொல்லு. இந்த வண்டிக்குப் பூ எங்க வெச்சு கட்டுவாங்க?"

"மண்டபத்து வாசல்ல. ஸ்ரீரங்கம் வந்த பெறகுதான்."

"கப்புக்குள்ள பூ இருக்கு. அப்ப கப்பைத் திறந்தது பூ கட்டின பிறகு, ஸ்ரீரங்கத்துல. அம்மாசி நேத்து பாலக்கரையை விட்டு நகர்ந்தாரா?"

"நகரலை," என்றான் தடியன். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான். என் மூக்குக்கு.

காரில் ஏறியதும் நான் கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினேன். "அக்கா, தம்பிக்காரன்தான். அண்ணனை முடிச்சுட்டு, பழியை மெக்கானிக் மேல போட்டு, யாரும் கேக்கறதுக்குள்ள அவனையும் முடிக்கப் பாக்குறான்."

"சுரேஷ்குமார் அந்த வண்டியோடவே வளர்ந்தவன். எத்தனை பஞ்சர் பார்த்திருப்பான்? அவனுக்கும் மரை தெரியும். இது அந்த வண்டியைத் தினம் பார்த்தும் ஒரு தடவைகூட ஸ்பேனர் பிடிக்காத ஆளு."

மேலச் சித்திரை வீதியில் கல்யாண மண்டபத்துக்கு எதிரே ராக்கம்மாள் பூக்கடை. கார் நின்ற இடத்தை அவர்தான் காட்டினார். இடது பக்கம் சுவரோடு சுவராக, வலது பக்கம் வீதியைப் பார்த்து நின்றிருக்கிறது.

"ஊர்வலம் முடிஞ்ச பிறகு வண்டிகிட்ட யாரும்மா இருந்தாங்க?" என்றார் அக்கா.

"எல்லாரும் பந்தியில இருந்தாங்க. காரைச் சிங்காரிச்ச பொண்ணு மட்டும் பூவைப் பிரிச்சுட்டு இருந்துச்சு. சரமெல்லாம் எங்கிட்டதான் வாங்கும்." ராக்கம்மாள் குரலைத் தாழ்த்தினார். "பாவம்ங்க அது. சாயங்காலம் சரம் கோணலா இருக்குன்னு புருஷன் இதே வீதியில, அத்தனை சனத்துக்கு முன்னாடி செருப்பைக் கழட்டி அடிச்சான். வாயெல்லாம் ரத்தம். பெரியவருதான் வந்து அவன் கையைப் பிடிச்சாரு. இறந்துபோனாருன்னு சொல்றாங்களே, அவரு."

"பூவைப் பிரிச்சப்ப வேற ஏதாவது பார்த்தீங்களா?"

"சுவரு ஓரமா உக்காந்து ரொம்ப நேரம் என்னமோ பண்ணுச்சு. டக்கு டக்குனு சத்தம் கேட்டுச்சு. அப்புறம் இந்தப் பக்கம் வந்து சக்கரத்துகிட்ட உக்காந்துச்சு. என்னடின்னு கேட்டேன். பூக்கம்பி மாட்டிக்கிச்சுன்னுச்சு."

எனக்கு அனுசுயாவின் வீங்கிய உதடு ஞாபகம் வந்தது. அக்கா பூக்கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பறப்ப வண்டியை எப்பவும் யாரு ஓட்டுவா?" என்று கேட்டார்.

"சின்னவன்தாங்க. ஊர்வலத்துக்குப் பெரியவரு, வீட்டுக்குப் போறப்ப அவன். விருட்டுனு எடுப்பான். நேத்து போதையில மண்டபத்துப் பின்னால விழுந்து கிடந்தான். பெரியவரு அந்தப் பொண்ணை ஆட்டோ வெச்சு அனுப்பிட்டு, அப்புறம் தானே எடுத்துட்டுப் போனாரு."

பாலத்தில் திரும்பும்போது உடைந்த கைப்பிடிச் சுவரை நான் பார்க்கவில்லை. "பேரைச் சொன்னா அவளைக் கொன்னுடுவான். சொல்லலைன்னா அம்மாசியைக் கொன்னுடுவான்," என்றேன்.

"தெரியுது." அக்கா போனை எடுத்து இன்ஸ்பெக்டர் ஜஹானாராவைக் கூப்பிட்டார். "மேடம், ஜீப்பு வேணாம், யூனிஃபார்மும் வேணாம். பொம்பளைப் போலீஸை மட்டும் புடவையில கூட்டிட்டு வாங்க. இழவு வீட்டுக்குள்ள அழுதுட்டு வர்ற பொம்பளைங்களை எவனும் தடுக்க மாட்டான்."

பூவரசன் வீடும் ஷெட் இருக்கிற அதே சந்துதான்; ஷாமியானா போட்டுவிட்டார்கள். பறைக்காரர்கள் நெருப்பில் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டுக்குள் அம்மாசியின் தலை தொங்கியிருந்தது. அனுசுயா அதே மூலையில் இருந்தாள்.

அக்கா கப்புக்குள் கிடந்த உடைந்த ஸ்டட் துண்டுகளை சுரேஷ்குமாரின் உள்ளங்கையில் வைத்தார். "இடது சக்கரத்துல இருந்தது. அந்தப் பக்க நட்டை நீங்க எப்படிக் கழட்டுவீங்க?"

"தலைகீழா. எங்கப்பா சொல்லிக்குடுத்தது."

"அம்மாசிக்குத் தெரியுமா?"

சுரேஷ்குமார் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தடியன் முன்னால் வந்தான். "அண்ணே, நானே மிதிச்சுப் பார்த்தேன். தெரியாதவன் பண்ணின வேலைண்ணே. ஸ்ரீரங்கத்துல வெச்சுப் பண்ணியிருக்கான். இவரு இல்லை."

"அம்மாசியை இறக்குங்க," என்றார் அக்கா. "பேரை நான் போலீஸ்ல சொல்லிக்கிறேன்."

"இங்க சொல்லு."

"இங்க சொல்ல மாட்டேன்."

அவனுக்குப் புரிந்துவிட்டது, அக்காவுக்குப் பெயர் தெரியும் என்பது மட்டும். ஸ்பேனரை எடுத்து அம்மாசியின் முட்டிக்கு நேராகப் பின்னுக்கு இழுத்தான். "மூணு எண்ணுறதுக்குள்ள பேரு வரணும். இல்லைன்னா இந்தாளு இனிமே நடக்க மாட்டான்."

நான் பாய்வதற்குக் காலை எடுத்தேன். அதற்குள் மூலையிலிருந்து குரல் வந்தது.

"நான்தான்."

அனுசுயா எழுந்து நின்றிருந்தாள். புருஷனைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். அப்படிப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அவரை விடுங்க. நான்தான் கழட்டினேன். உங்களுக்குன்னு கழட்டினேன். பெரிய மாமா ஏறிட்டாரு."

சுரேஷ்குமார் அலறிக்கொண்டு அவள் தலையில் ஸ்பேனரை இறக்கப் பாய்ந்தான். நான் நடுவில் விழுந்து கையைக் கொடுத்தேன். முன்னங்கை எலும்பு விட்டுப்போனது. இரண்டாவது முறை ஓங்கினான். எனக்குத் தூக்க இன்னொரு கைதான் இருந்தது.

அந்த அடி விழவே இல்லை. தொங்கிக்கொண்டிருந்த அம்மாசி, உடைந்த தோளோடு சங்கிலியில் முழு பாரத்தையும் கொடுத்து, இரண்டு கால்களையும் தூக்கி அவன் நெஞ்சில் உதைத்தார். உதைத்தபோது அவர் போட்ட சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சுரேஷ்குமார் கம்ப்ரெசர் மேல் மல்லாந்து விழுந்தான். மண்டை கிழிந்தது. எழப்போனவனின் முதுகில் தடியன் ஏறி உட்கார்ந்தான். வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்களில் மூன்று பேர் அழுகையை நிறுத்திவிட்டு விலங்கோடு உள்ளே வந்தார்கள். முதலில் வந்தது ஜஹானாரா.

அம்மாசியை இறக்கினோம். அனுசுயாவின் கையில் விலங்கு மாட்டும்போது அவள் அவரைத்தான் பார்த்தாள். "உங்களைக் கட்டினப்பவே சொல்லியிருக்கணும்ணே. பயந்துட்டேன்."

அம்மாசி கண்ணை மூடிக்கொண்டார். "போம்மா," என்றார்.

வெளியே பறை முழங்கியது. பூவரசனின் வண்டி சந்துக்குள் திரும்பியது. பெண்கள் எல்லாரும் ஓலமிட்டுக்கொண்டு அதை நோக்கி ஓடினார்கள். அனுசுயா ஷெட் வாசலிலேயே கால் நகராமல் நின்றுவிட்டாள்.

"அக்கா," என்றாள் மணிமேகலை அக்காவிடம். "பெரிய மாமா கடைசியா ஏதாவது பேசினாரா?"

பேசினார். பாலத்திலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு போன ஆம்புலன்ஸ் டிரைவர், காலையில் ஷெட்டுக்கு வரும் வழியில் அக்கா விசாரித்தபோது போனில் சொல்லியிருந்தார். நெஞ்சு நொறுங்கிக் கிடந்த மனுஷன் வழியெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அனுசுயாவைத் தனியா ஆட்டோவுல ஏத்தி விட்டேன், வீடு போய்ச் சேர்ந்துட்டாளான்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க.

அக்கா அவள் முகத்தையே பார்த்தார். எத்தனையோ பேருக்கு முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் அவர்.

"இல்லம்மா," என்றார். "பேசுற நிலைமையில இல்லை."

"அப்ப ஒண்ணும் தெரியாமலே போயிட்டாரு," என்றாள் அனுசுயா. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் ஷெட்டுக்குள் திரும்பிக்கொண்டேன்.